நாலு வயிறு

இந்த வயதில் நாம் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால் பேச்சு முழங்கால் வலியில் ஆரம்பித்துப் பேரப்பிள்ளைகளின் மார்க்கில் வந்து நிற்கிறது. போன வாரம்கூட நம்மில் ஒருத்தி, தன் பேரன் டாக்டருக்குத்தான் படிக்கப்போகிறான், வேறு எதையும் அவன் மனசில் நினைக்கவே மாட்டான் என்று அடித்துச் சொன்னாள். பையன் பக்கத்தில்தான் நின்றிருந்தான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். "மனசுல என்ன நினைக்கிறான்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டுவிட்டேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இன்னும் சரியாகப் பேசவில்லை.

கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. நான் வளர்ந்த வீடு அப்படி. அந்த வீட்டில் ஒரு மழைக்காலம் முழுக்க யாரும் யாரையும் நம்பவில்லை. அதைச் சொல்லிவிடுகிறேன். கோபப்படுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு பண்ணிக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் கள்ளிக்குப்பம். இப்போது அங்கே மாடி வீடுகளுக்கு நடுவே ஆட்டோ திரும்ப இடமில்லை. அப்போது ஏரித் தண்ணீர் பாய்கிற நெல்வயல்தான் எங்கே பார்த்தாலும். வெள்ளைக்காரன் இருந்தான், யுத்தம் இன்னும் வரவில்லை. எனக்கு ஒன்பது வயதோ பத்தோ. வீட்டில் நைனா, அம்மா, அண்ணன், நான். ஒரே வாசலுக்குள் சித்தப்பாவும் சித்தியும். நிலத்தைச் சித்தப்பா பார்த்துக்கொண்டார். நைனா சித்தப்பாவைப் பார்த்துக்கொண்டார்.

அண்ணன் எங்கள் தெருவில் முதன்முதலாகக் காலேஜ் ஏறியவன். தினமும் அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடந்து போய், அரக்கோணத்திலிருந்து வரும் பாசஞ்சரைப் பிடித்துப் பட்டணம் போவான். மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்த அன்றே ஊர் அவனை "டாக்டரு" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டது. அவனுக்கு ஒரு பெயர் இருந்தது என்பது அம்மாவுக்கும் எனக்கும்தான் ஞாபகம் இருந்தது.

நைனாவுக்கு அந்த ஆசை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். பூந்தமல்லி ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஒரு பத்திர விஷயமாகப் போனவர், செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் காலையிலிருந்து சுவரோரம் நின்றாராம். பின்னால் வந்த ஒரு பெரியவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்களாம். "அவரும் நம்மள மாரி சேத்துல கால வெக்கிறவருதான். புள்ள டாக்டரு. அத்தொட்டுதான் நாற்காலி" என்பார். சொல்லும்போதெல்லாம் குரல் அப்போதுதான் நடந்த மாதிரி கரகரக்கும்.

அண்ணனுக்கு இடம் கிடைத்த வாரமே மூர் மார்க்கெட்டுக்குப் போய்ப் பிரம்பு பின்னிய ஒரு கைவைத்த நாற்காலி வாங்கி வந்தார். டாக்டர் உட்கார. கூடத்தில் நடுவே போட்டு மேலே துணி மூடி வைத்தார். யாரும் உட்காரக்கூடாது. அண்ணனும் உட்காரக்கூடாது, பாஸ் பண்ணும் வரைக்கும். நான் துணியைத் தூக்கி அந்தப் புதுப்பிரம்பை மோந்து பார்ப்பேன். நனைந்த வைக்கோலும் வார்னிஷும் கலந்த மாதிரி இருக்கும்.

வாசனை என்றதும் இன்னொன்று. முதல் வருஷம் அண்ணன் சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அவன் மேல் ஒரு மருந்து நெடி அடிக்கும். கண் எரியும். பிணத்தை அறுத்துப் படிக்கிறார்கள் என்று அம்மாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கிணற்றடியில் நிறுத்திக் குளிக்க வைத்த பிறகுதான் அவனை உள்ளே விடுவாள். அப்புறம் எப்போது என்று தெரியவில்லை, அந்த நெடி நின்றுபோனது. அம்மா, "பழகிப் பூடுச்சி போல கீது" என்றாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இப்போது அவன் மேல் வேறு வாசனை வந்தது. எங்கள் மாட்டுக் கொட்டகை வாசனைதான், ஆனால் அதைவிடக் கொஞ்சம் காரமாக.

எனக்கு அம்பத்தூரில் மிஷன் பள்ளிக்கூடம். காலையில் ரயில்வே கேட் வரைக்கும் அண்ணனோடுதான் நடப்பேன். அவன் கால்சட்டையில் குட்டை குட்டையாகப் பழுப்பு நிற மயிர் ஒட்டியிருக்கும். ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டபடியே நடப்பேன். "இது இன்னாண்ணா?" என்றால், "இன்னாமோ ஒட்டிகினு கீது, உட்ரு" என்பான். ஒரு நாள் நொண்டிக்கொண்டு வந்தான். தொடையில் பாதி வட்டமாகக் கன்றிப்போன காயம். பிளாட்பாரத்தில் வழுக்கி விழுந்தேன் என்றான். வழுக்கி விழுந்தால் பாதி வட்டமாகவா காயம் படும்?

வெல்லம் குறைய ஆரம்பித்ததும் அந்தச் சமயத்தில்தான். அம்மா பானையைத் திறந்து பார்த்துவிட்டு முதலில் என் வாயை மோந்து பார்த்தாள். அப்புறம் சித்தியைப் பார்த்தாள். சித்திக்கு அப்போது ஐந்து மாசம். இரண்டு தடவை தங்காமல் போய், மூன்றாவது இது. மசக்கையில் எதை எடுத்துத் தின்றாலும் தப்பில்லை என்று அம்மா வாயால் சொன்னாள். ஆனால் பானையை உள்ளறைக்கு மாற்றிவிட்டாள். சித்தி அதைக் கவனித்துவிட்டு ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. "நான் வெல்லத் திருடியா அக்கா?" என்று அம்மாவிடம் கேட்டாள். பானை உள்ளறைக்குப் போன பிறகும் வெல்லம் குறைந்தது.

ஊர்க்காரர்களுக்கும் அண்ணன் மேல் வருத்தம். மாந்தம் வந்த குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வாசலில் வந்து நிற்பார்கள். அவன் குழந்தையைத் தொடக்கூட மாட்டான். தரையைப் பார்த்தபடியே, "அம்பத்தூர்ல கம்பவுண்டர் கீறாரு, அவர்கிட்ட காட்டுங்க" என்பான். படிப்பு ஏறினதும் தலைக்கனம் ஏறிவிட்டது என்று சொன்னார்கள். நைனாவுக்கு அது பெருமையாகக்கூட இருந்தது. டாக்டர் என்றால் அப்படித்தான் இருப்பான் என்று நினைத்தார்.

அந்தப் பெருமையில் முதல் கல்லைப் போட்டவர் மாமா. அம்மாவின் தம்பி. பெரம்பூர் ரயில்வே பட்டறையில் குமாஸ்தா. ஞாயிற்றுக்கிழமைகளில் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார். அவர் மகளை அண்ணனுக்குக் கொடுப்பதாகப் பேச்சு இருந்தது. ஆகவே அவர் வருவதே அண்ணனைப் பார்த்து எடைபோட்டுவிட்டுப் போகத்தான். ஆடி மாசத்தில் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு நைனாவிடம் சொன்னார்:

"மச்சான், தப்பா நெனச்சிக்காதே. வேப்பேரிப் பக்கம் போயிருந்தேன். உம்புள்ள ஒரு குதிரையப் புட்ச்சிகினு நின்னான்."

"குதிரையா?"

"குதிரதான். ஜட்கா ஓட்டறவனுங்க நாலு பேரு சுத்தி நின்னுகினு சிரிக்கிறானுங்க. இவனும் சிரிக்கிறான். காலேஜ் நேரம்."

நைனா வெற்றிலையை எடுத்துக் காம்பு கிள்ளினார். மாமா குரலைத் தாழ்த்தினார். "கிண்டில ரேசு நடக்குது. பெரிய ஊட்டுப் புள்ளைங்க எல்லாம் அங்கதான் அழிஞ்சி பூடுதுங்க. சொல்லணும்னு தோணிச்சி."

மாமா போனதும் நைனா அம்மாவிடம் சொன்ன முதல் வார்த்தை இது: "உன் தம்பிக்கு நம்ம புள்ள டாக்டராவறது வயித்தெரிச்சல்." அவர் மாமாவை நம்பவில்லை. ஆனால் அன்றிலிருந்து அண்ணனையும் நம்பவில்லை.

நைனா நேராக எதையும் கேட்கமாட்டார். சோதித்துப் பார்ப்பார். ராத்திரி சாப்பாட்டில் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இன்னிக்கு இன்னா பாடம்?" என்பார். அண்ணன் "எலும்பு" என்பான். "ரத்தம்" என்பான். ஒரு நாள் "வயிறு" என்றான்.

"வயித்துல இன்னா கீது படிக்க?"

அண்ணன் என்ன ஞாபகத்தில் இருந்தானோ, சோற்றைப் பிசைந்தபடியே, "வயிறு நாலு பாகம் நைனா. மொதல்ல துன்னது பூரா ஒண்ணுல போய்த் தங்கும்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்தினான். முகம் வெளுத்துவிட்டது. நைனா தலையை ஆட்டினார். "நாலா? அப்பிடியா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நைனா வந்து என்னைக் கூட்டிக்கொண்டு நடந்தார். நடந்தவர் நேரே கம்பவுண்டரிடம் போனார். நானும் கூடவே போனேன். கம்பவுண்டர் சீசாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார். நைனா சும்மா கேட்பதுபோல, "ஏங்க, மனுசனுக்கு வயிறு எத்தினி?" என்றார். கம்பவுண்டர் நைனாவை மேலும் கீழும் பார்த்தார். கிண்டல் பண்ணுகிறாரோ என்று அவருக்குச் சந்தேகம். "ஒண்ணுதான். அதையே ரொப்ப முடியல" என்றார்.

திரும்பும்போது நைனா என் கையைப் பிடித்திருந்த பிடி வலித்தது. "வயிறு ஒண்ணுன்னுகூடத் தெரியாதவன் காலேஜுக்கா போறான்?" என்றார். என்னிடம் சொல்லவில்லை, வழியில் இருந்த பனைமரத்திடம் சொன்னார். எங்கள் வீட்டு மாடு அசைபோடுவதைப் பிறந்ததிலிருந்து பார்த்தவர் அவர். அந்த நாலு எங்கேயிருந்து வந்தது என்று யோசித்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். சந்தேகம் பிடித்தவர் ஒரே பக்கமாகத்தான் யோசிக்கிறார்.

அதற்குப் பிறகு எங்கள் வீடு எப்படி இருந்தது என்று சொல்ல முடியவில்லை. நைனா அண்ணன் சட்டைப்பையைத் துழாவுவார். அண்ணன் தூங்கும்போது அம்மா அவன் உள்ளங்கையைப் பார்ப்பாள். கடிவாளம் பிடித்துக் காய்ப்புக் காய்ச்சியிருந்ததாம். சித்தப்பாவுக்கு நைனா மேல் சந்தேகம், வயலை ஏதாவது அடமானம் வைத்து மகனுக்குக் கொட்டுகிறாரோ என்று. சித்திக்கு அம்மா மேல் கசப்பு. என்னை ஆளுக்கு ஆள் தனியாகக் கூப்பிட்டு, "டாக்டரு வழியில யார்கூட பேசறான்?" என்று கேட்டார்கள். "எங்கூடத்தான்" என்பேன். அதையும் அவர்கள் நம்பவில்லை.

அம்மா மட்டும் வெளியில் காட்டாமல் பயந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை என்னைக் கூட்டிக்கொண்டு திருவேற்காட்டு அம்மனுக்குப் போனாள். கோயிலில் முந்தானையை நீட்டிக்கொண்டு வாய்விட்டு வேண்டினாள். "தாயே, எம்புள்ள குதிர ரேசுக்குப் போவாம நீதான் தடுக்கணும். ஆடிக்கு ஆடி கூழு ஊத்தறேன்." வரும் வழியெல்லாம் மூக்கைச் சிந்திக்கொண்டே வந்தாள். நைனாவிடம் மாவு அரைக்கப் போனதாகச் சொல்லச் சொன்னாள்.

ஐப்பசி பிறந்தது. மழை பிடித்துக்கொண்டது. வரப்பு எது, வயல் எது என்று தெரியாத மழை.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. சித்திக்கு விடிவதற்குள் வலி எடுத்துவிட்டது. நாளாகவில்லை, எட்டாம் மாசம்தான். மருத்துவச்சியைக் கூட்டிவந்தார்கள். அவள் உள்ளே போய்விட்டு நேரம் கழித்து வெளியே வந்தாள். சித்தப்பாவைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்: "கொழந்த குறுக்க கெடக்குது. என்னால ஆவாது. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டும்பூடுங்க."

சித்தப்பா உடனே வண்டி கட்ட எழுந்தார். நைனா கையை நீட்டித் தடுத்தார்.

"ஏன்டா, ஊட்ல டாக்டர வெச்சிகினு இந்த மழையில பட்டணம் போவறியா? ஊரு சிரிக்காது?"

"அண்ணே, அவன் இன்னும் படிச்சிகினுதானே கீறான்..."

"ரெண்டாவது வருசம் படிக்கிறான். பார்க்கட்டும்."

இதை நான் இத்தனை வருஷமாகத் திருப்பித் திருப்பி நினைத்துப் பார்த்திருக்கிறேன். மகன் காலேஜுக்கே போகவில்லை என்று மூன்று மாசமாக நம்பிக்கொண்டிருந்தவர் அன்றைக்கு ஏன் அப்படிச் சொன்னார்? இதுவும் ஒரு சோதனையா? இல்லை, வாசலில் குடையோடு வந்து நின்ற ஊர்ச்சனத்துக்கு முன்னால் சொன்ன பேச்சா? இரண்டும்தான் என்று இப்போது நினைக்கிறேன். அந்தப் பேச்சில் ரொம்ப நேரம் போனது. காலை ரயில் ஊதிவிட்டுப் போனது எங்கள் எல்லாருக்கும் கேட்டது.

அண்ணனைக் கொல்லையிலிருந்து கூப்பிட்டார்கள். கூடத்துக்கு வந்தான். உள்ளே சித்தி கத்துவது கேட்டது. மருத்துவச்சி, "வா தம்பி, நீயே வந்து பாரு" என்று கதவைத் திறந்தாள். அண்ணன் இரண்டடி எடுத்து வைத்தான். நின்றான்.

"நான் டாக்டருக்குப் படிக்கல."

யாருக்கும் விளங்கவில்லை. மழைச் சத்தத்தில் கேட்கவில்லையோ என்று சத்தமாகத் திருப்பிச் சொன்னான்.

"நான் டாக்டருக்குப் படிக்கல நைனா. அந்தக் காலேஜ உட்டு ஒரு வருசம் ஆவப்போவுது. வேப்பேரில மாட்டு வைத்தியம் படிக்கிறேன். கன்னு குறுக்க கெடந்தா இன்னா பண்ணணும்னு எனக்குத் தெரியும். மனுசிக்குத் தெரியாது. தெரியாத எடத்துல கைய வெச்சா சித்தி செத்துப் பூடும். இப்பவே கெளம்பணும்."

நைனா அப்படியே நின்றார். வாசலில் யாரோ "மாடா?" என்றார்கள். அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன். அவள் வாய் திறந்திருந்தது. முந்தானையை இடுப்பில் செருகப் போன கை அப்படியே நின்றுவிட்டது.

முதலில் அசைந்தவர் சித்தப்பா. அண்ணனை நோக்கிக் கையை ஓங்கினார். ஓங்கிய கையை இறக்கி, "அடிக்கிறத அப்பால அடிக்கிறேன். வண்டியக் கட்டு" என்றார்.

களத்திலிருந்து கட்டி ஓட்டிவந்த வண்டி ஏரிக்கரை மண்ணில் அச்சு வரைக்கும் இறங்கிவிட்டது என்று ஆள் ஓடிவந்து சொன்னான். தூக்கித்தான் போகவேண்டும். அண்ணன் சுற்றிமுற்றிப் பார்த்தான். கூடத்து நடுவில் இருந்த நாற்காலியின் துணியை உருவிப் போட்டான். கைகளுக்கு அடியில் இரண்டு மூங்கிலைக் கொடுத்து வைக்கோல் புரியால் கட்டினான். சித்தியைக் கொண்டுவந்து அதில் உட்கார வைத்தார்கள். முன்னால் சித்தப்பாவும் இன்னொருவரும், பின்னால் அண்ணனும் இன்னொருவரும் தூக்கினார்கள். அம்மா பக்கத்தில் ஓடினாள். நைனா வீட்டில் இருந்த பெரிய குடையை எடுத்து, சித்தி தலைக்கு மேல் பிடித்துக்கொண்டே சேற்றில் நடந்தார். அவர் தலையில் மழை கொட்டியது. ஏரிக்கரை திருப்பம் வரைக்கும் நான் பின்னாலேயே போனேன். அப்புறம் என்னை விரட்டிவிட்டார்கள்.

மதிய ரயிலில், கார்டு இருக்கிற கடைசிப் பெட்டியில் ஏற்றினார்களாம். ஏற்றும்போது நாற்காலியின் கால் ஒன்று முறிந்துவிட்டது. பிளாட்பாரத்திலேயே விட்டுவிட்டார்கள். அப்புறம் நான் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன், அங்கே இல்லை. யாரும் விசாரிக்கவும் இல்லை.

சித்தி பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை. ஆண் குழந்தை. இன்னும் கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருக்கலாம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதாகச் சித்தப்பா வந்து சொன்னார். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் கொல்லைப்பக்கம் போனார். அந்தக் கொஞ்சம் முன்னால் என்பது யார் கணக்கில் எழுதவேண்டியது என்பதுதான் அப்புறம் எங்கள் வீட்டில் எழுந்த கேள்வி.

சித்தி திரும்பி வந்த வாரத்து ஞாயிறு, மாமாவும் வந்திருந்தார். மழை விட்டு வெயில் அடித்தது. கூடத்தில் எல்லாரும் இருந்தார்கள். நாற்காலி இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. நைனா அண்ணனை நிற்க வைத்துக் கேட்டார்.

"யாரு சொல்லிக்குடுத்தது?"

அண்ணனுக்குப் புரியவில்லை. "யாரும் சொல்லல நைனா. என்னால பொணத்த அறுக்க முடியல. மொத நாள் ஒரு கெழவியப் போட்டிருந்தாங்க. யாருமே இல்லாத அநாத. அவ கைவெரல்ல வெத்தலக் கறை கூட அழியல. எனக்கு மயக்கம் வந்திட்ச்சி. தெனம் வந்திச்சி. குதிர, மாடுன்னா எனக்கு பயமே இல்ல..."

"அது கெடக்கட்டும். யாரு சொல்லிக்குடுத்தது? உனுக்கா தோணியிருக்காது."

நைனா திரும்பி மாமாவைப் பார்த்தார். "மச்சான், நீதானே? மொதல்ல குதிரன்னு வந்து சொன்னவன் நீ. உனுக்கு எல்லாம் தெரியும்."

"ஐயோ மச்சான், எம்பொண்ண இவனுக்குக் குடுக்கக் காத்துகினு கீறவன் நான். மாட்டு டாக்டருக்கா குடுப்பேன்?"

நைனா கேட்கவில்லை. காலேஜ் இனிமேல் கிடையாது, நாளையிலிருந்து ஏர் பிடிக்கட்டும், யார் தூண்டிவிட்டது என்று சொல்கிற வரைக்கும் வாசற்படி தாண்டக்கூடாது என்றார். சித்தப்பா முதன்முறையாக வாய் திறந்தார். "எம்புள்ள போனதுக்கு யாராச்சும் ஒருத்தர் பதில் சொல்லணும் அண்ணே" என்றார். அண்ணன் நாக்கை ஈரப்படுத்திக்கொண்டு ஏதோ சொல்ல வந்தான்.

அம்மா அடுப்படியிலிருந்து வந்தாள். கையில் அரிசி கழுவின தண்ணீர் சொட்டியது.

"நாந்தான்" என்றாள்.

"இன்னா நீதான்?"

"நாந்தான் மாத்திக்கச் சொன்னேன். பொணத்தத் தொட்டுட்டு வந்து எஞ்சோத்தத் துன்றது எனுக்குப் புடிக்கல. வேற எதுனா படிடான்னு நாந்தான் சொன்னேன். உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிகினேன். எதுனா கேக்கணும்னா என்னக் கேளுங்க."

அண்ணன் அவளைப் பார்த்தான். தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே படுத்திருந்த சித்தி எழுந்து வந்து கதவைப் பிடித்துக்கொண்டு அம்மாவையே பார்த்தாள். தெரிந்தும் அன்றைக்கு வாயைத் திறக்காமல் காலை ரயிலைத் தவறவிட்டவள் என்று பார்த்தது போலிருந்தது. அப்புறம் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

நைனா அம்மாவை அடிக்கவில்லை. "அப்பிடியா" என்றார், நாலு வயிற்றைக் கேட்டபோது சொன்ன மாதிரியே. மாமாவிடம் திரும்பி, "அவன் இன்னா பண்ணுவான், பெத்தவ சொல்றதக் கேட்டிருக்கான்" என்றார். அவர் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. அதை நான் கேட்டேன். மகன் தானாக ஒரு முடிவு எடுத்தான் என்பதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பெண்டாட்டி ஏமாற்றினாள் என்பதைத் தாங்க முடிந்தது.

அண்ணன் மறுநாள் ரயில் ஏறினான். ரயில்வே கேட் வரைக்கும் நடக்கும்போது எல்லாவற்றையும் சொன்னான். வெல்லம் குதிரைக்குத்தானாம், அடங்காத குதிரை நாக்கில் வெல்லம் பட்டால் நிற்குமாம். காயம் குளம்பு உதைத்தது. "அம்மாகிட்ட எப்பண்ணா சொன்னே?" என்று கேட்டேன். அவன் என்னை முந்திக்கொண்டு வேகமாக நடந்தான்.

அப்புறம் வந்த வருஷங்களை நீளமாகச் சொல்லப் போவதில்லை. அண்ணன் படித்து முடித்தான். மாமா சொன்ன சொல் தவறாமல் மகளை வேறு இடத்தில் கொடுத்தார். அண்ணனுக்கு ஓசூர்ப் பக்கம் சர்க்கார் உத்தியோகம். அங்கேயே கல்யாணம், குடும்பம். லீவில் வரும்போது நைனா அவனை வாசலில் உட்கார வைத்துக்கொண்டு, வருகிறவர்களிடம் "புள்ள டாக்டரு, ஓசூர்ல" என்பார். எந்த டாக்டர் என்று சொல்லமாட்டார். அண்ணனும் திருத்தமாட்டான்.

சந்தேகம் எங்கேயும் போகவில்லை. இடம்தான் மாறியது. அம்மாவின் சாவிக்கொத்தை நைனா வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். அவள் கடைக்குப் போனால் என்னைப் பின்னால் அனுப்புவார். அவள் தம்பி வந்தால் இரண்டு பேரையும் தனியாகப் பேசவிடாமல் நடுவில் வந்து உட்காருவார். ஒரு ரசத்தில் உப்பு கூடினால்கூட, "இதுல எதுனா உள்நோக்கம் கீதா?" என்பார். வேடிக்கையாகச் சொல்கிற மாதிரி இருக்கும். வேடிக்கை இல்லை. சாகும் வரைக்கும் அப்படித்தான். சித்திக்கு அப்புறம் இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இருந்தாலும் ஒரே வாசலுக்குள் இருந்துகொண்டு அவள் அம்மாவோடு நேராகப் பேசாமல் வருஷக்கணக்கில் இருந்தாள். ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல்லி அனுப்புவாள்.

நானும் அம்மாவை நம்பவில்லை. திருவேற்காட்டுக் கோயிலில் அழுதாளே, அது நாடகமா என்று எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. எல்லாம் தெரிந்துகொண்டே அம்மனிடமும் என்னிடமும் பொய் சொன்னவள் வேறு எதைத்தான் சொல்லமாட்டாள்? எனக்குக் கல்யாணமாகி ஆவடிக்குப் போனபோது அம்மா கட்டிக்கொண்டு அழுதாள். அதைக்கூட ஒரு நொடி சந்தேகப்பட்டுத்தான் பார்த்தேன்.

நைனா போன பிறகு அம்மா என்னோடு ஆவடியில் வந்து இருந்தாள். அண்ணன் ஒரு தடவை பார்க்க வந்தான். அவனுக்கே தலை நரைத்துவிட்டது. அம்மா தூங்கும்போது அவன் தானாகவே சொன்னான்: "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. மருத்துவச்சி கதவத் தெறந்தப்ப நான் சொன்னேனே, அப்பதான் அவளுக்கே தெரியும். அன்னிக்கு அவ நாந்தான்னு சொன்னப்ப நான் இல்லன்னு சொல்லியிருக்கணும். சொல்லல." அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டான்.

மறுநாள் அம்மா வாசலில் உட்கார்ந்து அவரைக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அண்ணன் சொல்லிட்டான்மா. உனுக்கு ஒண்ணும் தெரியாதாமே."

அவள் நிமிரவில்லை. "அதான் மொகத்தத் தொங்கப் போட்டுகினு போனானா" என்றாள்.

"சித்திகிட்டயாவது சொல்லியிருக்கலாமே. கொழந்த போனதுக்கு உன்னத்தானே கடைசி வரைக்கும்..."

"சொன்னா அவன் மொகத்துல முழிக்க மாட்டா. அவன் லீவுல ரெண்டு நாளு வர்றவன். நான் தெனம் எதுத்தாப்புல நிக்கிறவ. எங்கிட்ட பேசலன்னாலும் நான் வெச்ச கொழம்பத் துன்னுதானே ஆவணும்?"

"நைனா உன்ன எவ்ளோ பாடு படுத்தினாரு. சாவற வரைக்கும் திருடியப் பார்க்கிற மாரி பார்த்தாரே. ஏம்மா அப்பிடிச் சொன்னே?"

அம்மா உரித்த கொட்டையை முறத்தில் போட்டாள். என்னைப் பார்த்தாள். இது என்ன கேள்வி என்பதுபோல் பார்த்தாள்.

"உங்க நைனாவுக்கு யாரு மேலயாச்சும் சந்தேகப்பட்டே ஆவணும். அவன் மேல பட்டா அவன் படிப்பு பூடும். என் மேல பட்டா இன்னா பூடும்? எனுக்கு இன்னா பரீட்சையா இருந்திச்சி?"